மதராஸ் என்னும் ஒரு சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஊர்ப்பெயர் ஒன்று பிறமொழியிற் குடிபுகுந்தால் அதற்கு என்ன நேர்கின்றது என்பதை இன்று சற்றே ஆராய விழைகின்றோம். அதற்கென எடுத்துக்கொண்ட பெயர் நம் அனைவர்க்கும் அணுக்கமானது. 'மதராஸ்' என்பதே அது. வடபுலத்தில் வாழும் நம்மில் அப்பெயரின் அடியாகப் பிறந்த 'மதராசி' என்னும் சொல்லால் அழைக்கப்படாதார் மிகச் சிலரே. எனவே இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று, நம்மைப் பற்றியதுமாகும்.

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கரையில் மதராசப்பட்டினம் என்னும் சிற்றூரை அடுத்து நிலம் பெற்றனர். அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தது. நீண்ட பெயரின் வாலை நறுக்கி 'மதராஸ்' என்று வழங்கினர் ஆங்கிலேயர். அச்சொல் கப்பலேறிக் கடல் கடந்தது. ஆனால் ஊரை முழுமையாகச் சுமந்து செல்லவில்லை. சென்ற இடந்தோறும் ஊரின் ஏதேனும் ஒரு கூற்றை மட்டுமே கொண்டு சேர்த்தது.

முதலாவது, துணி. ஆங்கிலத்தில் இச்சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கி எழுதினால் அது ஊரைக் குறிப்பதில்லை. பல வண்ணக் கட்டங்கள் கொண்ட மெல்லிய பருத்தித் துணியைக் குறிக்கும். மேலை இந்தியத் தீவுகளாகிய செயிண்ட் லூசியா, டொமினிக்கா, மார்த்தினீக் முதலியவற்றில் மகளிரின் மரபுவழி உடையிலும் தலைக்கட்டிலும் இன்றும் விளங்குவது இத்துணியே. ஆப்பிரிக்காவில் நைசீரிய நாட்டுக் கலபாரி மக்கள் இதனை 'இஞ்சிரி' என்று போற்றி, பிறப்பிலும் இறப்பிலும் சடங்குகளுக்குப் பயன்படுத்துகின்றனர். 'மதராஸ் கைக்குட்டை' என்பது பழைய வணிகப் பெயர். பெயர்தான் கைக்குட்டை, அளவோ ஏறத்தாழ ஒரு கெஜச் சதுரம். 1950களிலும் 1960களிலும் அமெரிக்க நாட்டில் இத்துணி பெருமதிப்புப் பெற்றது. தோய்க்குந்தோறும் சாயம் கசிந்து ஒன்றோடொன்று கலந்தது. வேறு துணியாயின் குறை என்று தள்ளியிருப்பர். அங்குள்ள வணிகரோ சாயம் ஓடுவதற்கு உறுதி கூறியே விற்றனர்! கறி உப்புக் கரித்ததனை உப்புக்கண்டம் என்று விலை கூறிய திறம் அது.

இத்துணியை நெய்தோர் அனைவரும் சென்னை நகரத்தார் அல்லர். இன்று ஆந்திர மாநிலத்தைச் சார்ந்த சீராலை போன்ற ஊர்களிலும் தறிகள் ஆடின. நெய்த கைகளின் பெயர் மறைந்தது. ஏற்றுமதி செய்த துறைமுகத்தின் பெயரே நிலைத்தது. இதனை நினைவிற் கொள்க.

இரண்டாவது, உணவு. இங்கிலாந்து நாட்டின் இந்திய உணவகங்களில் 'மதராஸ்' என்பது காரத்தின் ஓர் அளவுகோல். 'கோர்மா' என்றால் காரம் குறைவு. 'மதராஸ்' என்றால் காரம் மிகுதி. 'விண்டாலு' என்றால் அதனினும் மிகுதி. அங்கே ஒருவர் "எனக்கு ஒரு மதராஸ்" என்று கேட்பாராயின், அவர் வேண்டுவது ஊரை அன்று, உறைப்பை. அவ்வுணவகங்களுட் பலவற்றை நடத்துவோர் இன்றைய வங்காள தேசத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து சென்றோர். நம் இல்லங்களில் குழம்பு உண்டு, சாம்பார் உண்டு, இரசம் உண்டு, கூட்டு உண்டு. 'மதராஸ்' என்ற பெயரில் எந்த அடுப்பிலும் ஒன்றும் கொதிப்பதில்லை. இட்லியின் மென்மையையும் மோரின் குளிர்ச்சியையும் விட்டுவிட்டு, மிளகாயை மட்டும் அச்சொல் எடுத்துச் சென்றது.

மூன்றாவது பலரும் அறியாதது. நாம் பெரிதும் மகிழத் தக்கதும் அதுவே. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தினார். முன்னரே கற்ற சிறுவன் பின்னர் வந்தோர்க்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய தொண்டினை அறிந்தோர்க்கு இது புதிதன்று. தாயகம் திரும்பிய பெல், 1797இல் இதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளிற் பரவிற்று. செலவு சுருக்கம், ஆதலின் ஏழைச் சிறுவர் பல்லாயிரவர் எழுத்தறிவு பெற வழி பிறந்தது. ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் நிறுவிய 'மதராஸ் கல்லூரி' என்னும் பள்ளி இன்றும் அப்பெயரோடே விளங்குகின்றது. எனினும் அன்றாட ஆங்கிலத்தில் துணியும் காரமும் நின்றன, கல்வி மறைந்தது. மணலில் எழுதிய சிறுவனை அச்சொல் மறந்துவிட்டது.

இனி, நம்மைப் பற்றிய பகுதிக்கு வருவோம். 'மதராசி' என்னும் சொல் எங்கிருந்து வந்தது? பகைமையிலிருந்து பிறந்தது என்று சினங்கொள்வது முறையன்று. பழைய மதராஸ் மாகாணத்தில் தமிழ் மாவட்டங்களோடு கடற்கரை ஆந்திரமும் இராயலசீமையும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கியிருந்தன. அங்கிருந்து வேலை தேடி வடக்கே வந்தோரை மதராசி என்றழைத்தமைக்கு அந்நாளில் ஓரளவு பொருளுண்டு. பின்னர் 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைந்தன. தமிழ்நாடு என்னும் பெயரை வேண்டி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிற்று. 1969 சனவரி 14இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. 1996இல் தலைநகரும் சென்னை ஆயிற்று. உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் மட்டும் பழம்பெயரைத் தாங்கி நிற்கின்றன. மாகாணம் மறைந்தும் மதராசி மறையவில்லை. மலையாளியும் தெலுங்கரும் கன்னடியரும் நாமும் இன்றும் அவ்வொரு சொல்லின் கீழ் நிறுத்தப்படுகின்றோம்.

ஒரு பெயருக்காக ஒருவர் உயிரையே ஈந்தார் என்பதை எண்ணுங்கால், பெயரில் என்ன இருக்கின்றது என்று கைவிட முடியவில்லை. ஆயினும் அயலார் வாயை நாம் அடைத்தல் இயலாது. சொல்லுக்குச் சொல் சண்டையிடுதலும் பயன் தாராது. தமிழ்நாட்டிலும் வடக்கிலிருந்து வந்தோர் அனைவரையும், மார்வாரி யார், குசராத்தி யார் என்று கேளாமல், 'சேட்டு' என்னும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கம் உண்டன்றோ? அறியாதார் வழங்கும் பெயர் யாண்டும் அவ்வாறே சுருங்கும்.

அஞ்சத் தக்கது வேறொன்று. அயலார் நம்மைச் சுருங்கிய பெயரால் அறிதல் சிறு குறை. நம் பிள்ளைகளே தம்மை அச்சுருங்கிய பெயரால் மட்டும் அறிவராயின் அது பேரிழப்பு. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு சிறுவனை, "உன் ஊர் எது?" என்று கேட்டால், "மதராஸ்" என்றோ "தென்னிந்தியா" என்றோ விடை வருகின்றது. அவன் பாட்டனார் ஊர் திருவையாறாக இருக்கலாம், அம்பாசமுத்திரமாக இருக்கலாம், ஆரணியாக இருக்கலாம். அங்கே ஓர் ஆறு ஓடும். ஒரு தெருவிற்குப் பெயர் இருக்கும். அவற்றை அவனுக்குச் சொல்வார் இல்லையெனின், பிறர் தரும் பெயரன்றி அவனுக்கு வேறு கதி யாது?

ஆதலின் இந்நாளில் வேண்டிக் கொள்வன இரண்டு. முதலாவது, ஒவ்வொரு இல்லத்திலும் தாய்தந்தையர் தம் ஊர், அதன் வட்டம், அங்கு விளைவது, அங்கு நெய்வது, அங்குள்ள கோயில், குளம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருக. விடுமுறையில் ஒரு முறையேனும் அழைத்துச் சென்று காட்டுக. இரண்டாவது, நம் அண்டை வீட்டாரை அவர்தம் சரியான பெயராலும் ஊராலும் அறிந்து அழைக்கப் பழகுக. கடுவாலிகாரரைக் கடுவாலி என்றும், மைதிலி பேசுவோரை மைதிலர் என்றும் நாம் அறிந்து அழைப்போமாயின், அவர்களும் நம் ஊரைக் கேட்டறிய முற்படுவர். மரியாதை என்பது கொடுத்துப் பெறும் பண்டம்.

அப்போது யாரேனும் "நீ மதராசியா?" என்று வினவினால் நம் சிறுவன் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. "நான் தமிழன், எங்கள் ஊர் இது, அங்கே இன்னது சிறப்பு" என்று இன்முகத்தோடு விடை கூறுவான். கேட்டவர் மற்றொரு முறை அச்சொல்லைச் சொல்லுமுன் சற்றே நின்று எண்ணுவார். ஒரு சொல்லின் பொருள் விரிவது அகராதியில் அன்று, அத்தகைய உரையாடலில்தான்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!