மடக்கொம்பரையிலிருந்து மக்கள் சபைக்கு



ஸ்கொட்லாந்திலே பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கிய கெயர் ஹார்டி, 1892ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினரானார். அவர் வரலாற்றைப் படிக்குந்தோறும் நம் மலைநாட்டுத் தொழிலாளர் தேர்ந்தெடுத்தனுப்பிய ஒருவரும் நினைவுக்கு வருகிறார். அவர்தாம் சி. வி. வேலுப்பிள்ளை.

பூண்டுலோயாப் பகுதியிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் அவர் பிறந்தார். விடியலில் பிரட்டுக்கு அழைக்கும் தப்போசையும், லயத்து இரவின் தாலாட்டும் ஒப்பாரியும் நிறைந்த உலகம் அது. ஹற்றனிலும் கொழும்பிலும் கற்று, ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேட்பாளராய்த் தலவாக்கலைத் தொகுதியில் நின்று வென்றார். கொழுந்து கிள்ளிய கைகளே அவருக்கு வாக்குச் சீட்டை இட்டன.

இங்கேதான் இரு வரலாறுகளும் பிரிகின்றன. ஹார்டியின் நாட்டில் வாக்குரிமை படிப்படியாய் விரிந்தது. 1918இல் வயதுவந்த ஆடவர் அனைவரையும், முப்பது வயது கடந்த பெண்களில் பெரும்பாலாரையும் அஃது எட்டியது. இங்கோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. உறுப்பினர் சபையில் இருந்தார். அவரை அனுப்பியவர்களோ வாக்காளர் இடாப்பில் இல்லை! 1952இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் புரிந்தும் சட்டம் மாறவில்லை. அவ்வாண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட சபையில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரேனும் இலர்.

சபையின் கதவு அடைபட்டது. வேலுப்பிள்ளையின் வாய் அடைபடவில்லை. தொழிற்சங்கப் பணியில் நின்றுகொண்டே எழுதுகோலையும் ஏந்தினார். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலக் கவிதையாக்கி உலகறியச் செய்தார். ‘வீடற்றவன்’ முதலிய நாவல்களைத் தமிழில் படைத்தார். எழுத்தறியாத தொழிலாளர் வாய்வழியே காத்த பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாயின. பெயர் நீக்கப்பட்ட மக்களுக்கு அவர் எழுதிவைத்த இடாப்பு அது எனலாம்.

மறு ஆண்டே, 1984இல், அவர் மறைந்தார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் பிறந்தது. சபையில் அவர் இருந்தது ஐந்தாண்டுக்கும் குறைவு. ஆயினும் பிரதிநிதி என்பவர் ஆசனத்தால் மட்டும் ஆகிறவர் அல்லர். ஆசனம் போன பின்னும் தம் மக்களுக்காகப் பேசுபவரே பிரதிநிதி. தலவாக்கலை மக்கள் 1947இல் இட்ட வாக்கு வீண்போகவில்லை.