உள்ளத் துயரும் உதிரும் முடியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீப்பில் முடி கற்றையாய் வரக் கண்டதும், மட்டாஞ்சேரித் தமிழர் இல்லங்களில் நாம் முதலில் பழிப்பது தண்ணீரைத்தான். காயல் சூழ்ந்த இவ்வூரில் கிணற்று நீர் கரிப்பது உண்மையே. கரிப்பு நீர் முடியை வறளச் செய்யலாம். ஆயினும், முடி வேரோடு உதிருமாயின் காரணத்தை வேறிடத்திலும் தேடுதல் வேண்டும்.

நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, சுமார் மூன்று திங்கள் ஓய்ந்து, பின்னர் உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சலோ, மகப்பேறோ, பெருந்துயரோ நேர்ந்தால், வளரும் முடிகளுள் பல ஒருசேர ஓய்வு நிலையை அடைகின்றன. உதிர்வோ உடனே தோன்றாது. இரண்டு மூன்று திங்கள் கழித்தே தோன்றும். 1961-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டார். கவலையின்போது சுரக்கும் ஹார்மோன் மயிர்க்கால்களின் ஓய்வை நீட்டிப்பதை, 2021-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டனர். 2020-இல் வந்த கொரோனாக் காய்ச்சல் தணிந்த சில திங்களில் பலருக்கு முடி உதிர்ந்ததையும் நாம் அறிவோம்.

ஆகவே, எண்ணெய்ப் புட்டியைத் தேடுமுன் மூன்று திங்கள் பின்னோக்கி எண்ணிப் பார்ப்போம். அப்போது வாணிகத்தில் நட்டமா? ஊரிலிருந்து இழவுச் செய்தியா? மணமாகிக் கொச்சிக்கு வந்த பெண் தாய்வீட்டைப் பிரிந்த நாளா? "தண்ணீர் சேரவில்லை" என்னும் ஒரு சொல்லில் அவளுடைய துயரம் மறைந்துவிடுகிறது. எண்ணெய் வாங்கித் தரும் நாம், "என்னம்மா வருத்தம்?" என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

எல்லா உதிர்வுக்கும் துயரமே காரணம் என்று கொள்ளுதலும் தவறு. குருதிச்சோகையாலும் தைராய்டுக் குறையாலும் முடி உதிரும். வட்ட வட்டமாக உதிர்ந்தாலோ, ஆறு திங்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரை நாடுதல் வேண்டும். துயரால் வந்த உதிர்வாயின் அஞ்ச வேண்டுவதில்லை; மயிர்க்கால் அழிவதில்லை. காரணம் நீங்கினால் முடி பெரும்பாலும் மீண்டும் வளரும்.

ஆனால், "கவலைப்படாதே" என்று சொல்வதனால் மட்டும் கவலை நீங்காது. அருகிருந்து கேட்பார் வேண்டும். உற்றாரைப் பிரிந்து வந்தோர்க்கு உற்றாராய் இருத்தலே இச்சங்கத்தின் கடமை. அடுத்த வீட்டுப் பெண்ணின் கூந்தல் மெலிந்திருப்பதைக் காணும் தாய்மார்கள், எண்ணெயின் பெயரைச் சொல்வதற்கு முன் சிறிது நேரம் அவளுடன் அமர்ந்து பேசுவார்களாக.