சீவுளி: கைக்கா, காட்சிக்கா?

மரத்தை இழைத்து மட்டமாக்கும் கருவியைத் தமிழ்நாட்டார் இழைப்புளி என்பர். ஈழத்துத் தமிழர் சீவுளி என்பர். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே. ஒரு கட்டை, அதன் நடுவே ஒரு வாய், அவ்வாயிலே சாய்வாக நிறுத்திய ஓர் இரும்பலகு, அலகை இறுக்குவதற்கு ஓர் ஆப்பு: இவ்வளவே அதன் உறுப்புக்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதையுண்ட பொம்பெயி நகரத்திலே சீவுளிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இன்றைய தச்சர் ஒருவர் முன் அவற்றை வைத்தால், இன்ன கருவியென்று பிறர் சொல்லாமலே அறிந்துகொள்வார்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்பிரகமுவ மாகாணத்திலே தேயிலைத் தோட்டங்களும் றப்பர்த் தோட்டங்களும் மலிந்துள்ளன. தோட்டம் என்றவுடன் கொழுந்தெடுப்போரும் பால் வெட்டுவோரும் நினைவுக்கு வருவர். தொழிலாளர் 'இஸ்டோர்' என்று அழைக்கும் தொழிற்சாலையின் ஓரத்திலே, மரத்தூள் மணக்கும் கொட்டகையில், நாள் முழுவதும் நின்று வேலை செய்த தச்சரை நினைப்போர் குறைவு. அவரைப் 'பாஸ்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். இச்சொல் ஒல்லாந்தர் இலங்கையில் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று. தலைவன், எசமானன் என்பது அவர் மொழியில் அதன் பொருள். துரை என்ற பெயர் பதவியோடு வருவது. பாஸ் என்ற பெயரோ கைத்திறனைக் கண்டு ஊரார் கொடுப்பது.

லயத்துக் கதவும் சன்னற் சட்டமும் அவர் வேலை. மண்வெட்டிக்கும் முள்ளுக்கும் பிடி போடுவதும், பிள்ளைக் காம்பராவிலே தொட்டிலுக்குச் சட்டம் அடிப்பதும் அவர் வேலையே. தோட்டத்தில் மரணம் நேர்ந்தால், இரவோடிரவாகப் பலகையை இழைத்துப் பெட்டி செய்பவரும் அவரே. அப்பெட்டியின் பலகை மறுநாள் மண்ணுக்குள் மறையப் போவது. ஆயினும் சிலாம்பு தெரியாமல் அதனை இழைத்துக் கொடுப்பதே முறையெனக் கொள்ளப்பட்டது.

இம்மாகாணத்தின் மரமும் மழையும் சீவுளியைப் பிடித்தவருக்கு எளிதில் விட்டுக் கொடுப்பவை அல்ல. பலாமரத்தின் இழை ஒரே போக்கிற் செல்லாது. இடையிடையே திசை மாறிப் பின்னிக் கிடக்கும். ஒருபுறமிருந்து தள்ளினால் வழவழவென்று வரும் பலகை, நான்கு அங்குலம் தாண்டியதும் பிய்ந்து பள்ளமாகும். அதனைத் தடுக்கத் தச்சர் அலகை மயிரளவே வெளியே நீட்டுவார். வாயின் இடைவெளியை ஒடுக்குவார். அலகின் மேலுள்ள தகட்டைக் கூர் விளிம்புக்கு மிக அருகே கொண்டுவந்து இறுக்குவார். எழும் சீவல் உடனே மடங்கிவிடுவதால், அது மரத்தைப் பிளந்துகொண்டு ஓட இடமில்லாமற் போகும். மழையோ வேறொரு சோதனை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஈரத்திலே சீவுளியின் மரக்கட்டை உப்பும், அடி கோணும், ஆப்பு இறுகிக்கொள்ளும். அலகோ ஒரே இரவிலே துரு ஏறும். தேங்காயெண்ணெய் தோய்ந்த துணி ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். கோணிய அடியை மட்டமாக்க, சீவுளியையே மற்றொரு சீவுளியால் இழைக்கவும் வேண்டும்.

இவ்வாறு ஒவ்வோராண்டும் கட்டை தேயும். தீட்டுந்தோறும் அலகு குறுகும். பயன்படும் கருவி தன்னையே சிறிது சிறிதாக உண்டு முடிக்கின்றது. கருவியைப் போற்றிச் சேர்ப்பவருக்கும் அதனைக் கையாள்பவருக்கும் உள்ள வழக்கின் வேர் இங்கேயே இருக்கின்றது.

மேல்நாடுகளிலே சீவுளி சேர்ப்பது இன்று ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் லெனாட் பெயிலி என்பவர், ஆப்புக்குப் பதிலாகத் திருகாணியால் அலகை ஏற்றியிறக்கும் இரும்புச் சீவுளியை அமைத்தார். 1869இல் ஸ்ரான்லி நிறுவனம் அவருடைய உரிமையை வாங்கிற்று. அந்நிறுவனத்தின் நான்காம் இலக்கச் சீவுளியும் ஐந்தாம் இலக்கச் சீவுளியும் உலகெங்கும் தச்சர் கைகளிலே தேய்ந்தன. ஆனால் சேர்ப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுவது முதலாம் இலக்கத்தை. அது ஏறத்தாழ ஐந்தரை அங்குல நீளமே உள்ளது. வளர்ந்த ஆளின் கை அதிலே செவ்வையாக அடங்காது. அதனாலேயே அந்நாளில் அதனை வாங்கியவர் சிலர். அதனாலேயே இந்நாளில் அது கிடைத்தற்கு அரியது. வேலைக்கு உதவாமையே ஒரு கருவிக்கு விலையை ஏற்றிவிட்டதென்றால், சேர்ப்போரைப் பார்த்துத் தச்சர் நகைப்பதிலே வியப்பில்லை. தீட்டித் தீட்டிக் குறுகிய அலகு விலையைக் குறைக்கும்; தீட்டுகல்லையே காணாத அலகு விலையை உயர்த்தும்.

எனினும் நகைத்துவிட்டு அப்பாற் போவது நீதியாகாது. 1796இல் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலே பெஞ்சமின் சீற்றன் என்னும் இளைஞனுக்கு அவன் தந்தை இலண்டன் வணிகர் ஒருவரிடமிருந்து ஒரு தொகுதி தச்சுக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். மகன் அவற்றுக்கென அழகிய பெட்டகம் ஒன்றைச் செய்தான். கருவிகளின் பட்டியலையும் விலையையும் எழுதி வைத்தான். பின்னர் அவற்றை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை. இன்று அப்பெட்டகம் றொச்செஸ்ரர் நகரத்து அரும்பொருட்சாலையில் உள்ளது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதிய சீவுளியின் அலகு எவ்வளவு நீளம், வாய் எவ்வளவு ஒடுக்கம் என்பவற்றை ஆராய்வோர் அங்கேதான் அளந்து அறிகின்றனர். அவன் நல்ல உழைப்பாளியாய் இருந்திருந்தால் அந்த அறிவு மரத்தூளோடு போயிருக்கும்! பழைய ஆங்கிலச் சீவுளிகளின் முன்முகத்திலே செய்தவர் பெயரும், அதனருகே உடைமையாளர் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர்களைத் தொகுத்து டபிள்யூ. எல். குட்மன் என்பவர் 1968இல் வெளியிட்ட நூலாலேயே, எழுத்திலே தம்மைப் பற்றி வேறெதுவும் விட்டுச் செல்லாத பல தொழிலாளரின் பெயர்கள் இன்று தெரிகின்றன. சேர்த்து வைத்தோர் இல்லையேல் குட்மனுக்குப் பார்க்கக் கட்டையே கிடைத்திராது.

இவ்வழக்கை ஆழ்ந்து சிந்தித்த தமிழர் ஒருவர் சப்பிரகமுவவின் மண்ணை நன்கு அறிந்தவர். 1877இற் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக இலங்கையின் மலைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் நடந்தவர். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த தோரியனைற்று என்னும் கனிமம் 1904இல் உலகறிய வந்தது அவர் பணியோடு தொடர்புடையது. கல்லைத் தேடிச் சென்றவர் வழியிலே கைவினைஞரைக் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். அந்நூல் அச்சான வரலாறு இப்பொருளுக்கு மிகப் பொருந்துவது. சோசரின் நூல்களைப் பேரழகோடு பதிப்பிப்பதற்கு வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியிலே, இங்கிலாந்தில் தம் இல்லத்தில், பதினைந்து மாத காலத்தில் 425 படிகளை அவர் அச்சிடுவித்தார். மொறிஸ் 1896இலேயே மறைந்தவர்; அவர் கைபட்ட பொறியைக் கண்ணாடிக்குள் வைத்து வணங்கியிருக்கலாம். குமாரசுவாமியோ அதற்கு மை தடவினார்.

அவரே 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையில் கீழைநாட்டுக் கலைப்பொருள்களைக் காப்பவராய் இருந்து, 1947இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1943இல் வெளிவந்தது. காட்சிசாலையில் இருக்கும் பொருள்கள் காட்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வாழ்க்கையின் தேவைக்காகச் செய்யப்பட்டவை என்பது அவர் உறுதியாகக் கூறிய கருத்து. அரும்பொருட்சாலையிலே சம்பளம் பெற்றுக்கொண்டே இதனைச் சொன்ன துணிவும் பாராட்டத்தக்கது.

இனி, தோட்டத்துக் கொட்டகைக்குத் திரும்புவோம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இழைக்கும் வேலையை மின்பொறி ஏற்றுக்கொண்டது. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இலே தேயிலை அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டு, பழைய உருட்டுப் பொறிகளும் உலர்த்திகளும் அங்கே இடம்பெற்றுள்ளன. தேயிலையைப் பதஞ்செய்த இயந்திரத்துக்கு ஓரிடம் கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பாஸின் கருவிப்பெட்டி எங்கே போவது? மகன் கொழும்பிலே கடையில் நிற்கின்றான். பெட்டி லயத்துக் காம்பராவிலே கட்டிலின் கீழ்க் கிடக்கின்றது. பழைய இரும்பு வாங்குபவர் நிறுத்து விலை சொல்வார். பழம்பொருள் வணிகர் பித்தளைத் திருகாணியைத் தேய்த்துப் பார்த்து, அதைவிடக் கூடிய விலை சொல்வார். அடுத்த லயத்திலே தச்சு பழகும் பையனிடமோ கொடுக்கப் பணமில்லை.

அப்பெட்டியிலே நல்ல நிலையில் உள்ள சீவுளி முதலில் அப்பையனுக்கே உரியது. வேலைக்கு உதவாத அளவுக்குத் தேய்ந்தது தோட்டத்துப் பாடசாலைக்கோ அரும்பொருட்சாலைக்கோ போகலாம். ஆனால் வெறுங்கட்டையாகப் போகலாகாது. எந்தத் தோட்டத்தில், யாருடைய கையில், எந்த மரத்தை இழைத்தது என்பதைப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கருவிப் பகுதிகளுக்கு அவர் வழங்கும் பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். பொருளைச் சேர்ப்போர் பலர் சொல்லைச் சேர்ப்பதில்லை. அலகை மயிரளவு நீட்டுவது என்றால் எவ்வளவு என்பதை அவர் விரலாற் காட்டுவாரேயன்றி அளவுகோலாற் காட்டமாட்டார். அதனைப் பக்கத்தில் நின்று பார்த்தாலன்றிப் பழக முடியாது.

நவராத்திரியின் ஒன்பதாம் நாளிலே தோட்டங்களில் ஆயுத பூசை நடக்கின்றது. இஸ்டோரின் இயந்திரங்களுக்குச் சந்தனம் இடுவர். கவ்வாத்துக் கத்தியும் பால் வெட்டும் கத்தியும் கழுவி அடுக்கப்படும். தச்சருடைய வாய்ச்சியும் மூலைமட்டமும் சீவுளியும் பலகைமீது பூவோடு அமர்ந்திருக்கும். அன்று அவற்றை எவரும் தொழிலுக்கு எடுப்பதில்லை. எல்லோரும் நின்று பார்க்கலாம், கும்பிடலாம். மறுநாள் விசயதசமி. காலையிலே பாஸ் வந்து பூவை எடுத்து வைப்பார். குங்குமத்தைத் துணியால் துடைப்பார். அலகைத் தீட்டுகல்லிலே நாலு முறை இழுத்துவிட்டு, ஒரு துண்டுப் பலகையிலே முதற் சீவலை எடுப்பார்.