கேள்வி கேட்டவர் பக்கம் நின்றவர்கள்



2005இல் ரஷ்மி பன்சால் நடத்திய ‘ஜாம்’ என்ற இளைஞர் இதழ், ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் விளம்பரங்களைக் கேள்வி கேட்டது. அந்தக் கட்டுரையைச் சுட்டி இணையத்தில் எழுதினார் கௌரவ் சப்னிஸ். 125 கோடி ரூபாய் கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்தது. அவர் வேலை பார்த்த ஐபிஎம் கம்பெனியின் மடிக்கணினிகளைக் கொளுத்துவோம் என்று கம்பெனிக்கே மிரட்டல் போனதாக அவர் சொன்னார். எழுதியதை அவர் எடுக்கவில்லை. வேலையை விட்டார். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதே கேள்விகளைத் தங்கள் பெயரிலேயே திரும்ப எழுதினார்கள்.

எம்பிஏ, பிசினஸ் ஸ்கூல் என்ற சொற்களை அந்த நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2014இல். ஒன்பது ஆண்டுகள்! நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைக்குக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல அண்ணனோ மாமாவோ கிடையாது. விளம்பரம்தான் சொல்கிறது. அதை நம்பித்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது.

சப்னிஸுக்குத் துணை நின்றவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த நகரத்துக்காரர்கள். குறையாகச் சொல்லவில்லை, நின்றார்களே! ஆனால் சேரியிலிருந்து எழுதும் பிள்ளைக்கு நாளை நோட்டீஸ் வந்தால்? அந்தப் பிள்ளையால் வேலையை விட முடியுமா? வாய்தாவுக்குப் போக பஸ் காசு யார் தருவது?

இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர் தோழர்கள் கிளம்பும் முன் தங்கள் போன் நம்பரை மாணவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.