ஒரு பேராளரின் படகு



கெந்திங் மலையை உருவாக்கிய மறைந்த டான் ஸ்ரீ லிம் கோ தோங், அமெரிக்காவிலும் ஒரு பெரிய சூதாட்ட விடுதிக்குக் கடன் கொடுத்தவர். கனெக்டிகட் மாநிலத்தில் 1992-இல் திறக்கப்பட்ட பாக்ஸ்வுட்ஸ் விடுதிதான் அது. அதன் உரிமையாளர்கள் பீக்வாட் எனப்படும் பூர்வகுடி மக்கள். அந்தப் பெயரே இனி இருக்கக் கூடாது என்று 1638-இல் ஆங்கிலேயக் குடியேறிகள் ஒப்பந்தம் எழுதினார்கள். ஒரு மக்களின் பெயரை அழிக்கும் அளவுக்கு அப்படி என்ன நடந்தது? அதைச் சொல்ல ஜான் ஓல்டம் என்ற வியாபாரியிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஓல்டம் 1623-இல் 'ஆன்' என்ற கப்பலில் பிளிமத் குடியிருப்புக்கு வந்தார். சொந்தச் செலவில் வந்தவர். ஆகவே அங்கிருந்தவர்களின் கூட்டு வியாபாரத்தில் அவருக்குப் பங்கில்லை. மனக்கசப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அவரும் லைபர்ட் என்ற பாதிரியாரும் நிர்வாகத்தைக் குறைகூறி இங்கிலாந்துக்கு இரகசியக் கடிதங்கள் அனுப்பினார்கள். ஆளுநர் பிராட்போர்ட் கப்பலுக்கே போய் அவற்றைப் பிரித்துப் படித்துவிட்டார்! காவல் பணிக்கு வரச் சொன்ன படைத்தலைவர் மீது கத்தியை உருவினார் ஓல்டம். ஊரை விட்டு விரட்டினார்கள். 1625-இல் அனுமதியின்றித் திரும்பி வந்தபோது, இரு வரிசையாக நின்ற வீரர்களுக்கு நடுவே அவரை நடக்க வைத்து, துப்பாக்கிக் கட்டையால் ஆளுக்கொரு இடி கொடுத்து அனுப்பினார்கள்.

இப்படிப்பட்டவர் எந்த ஊருக்குப் பேராளராக முடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சில ஆண்டுகளில் பிளிமத்தோடு அவர் சமாதானமானார். பிறகு பாஸ்டனுக்கு அருகில் வாட்டர்டவுன் என்ற புதிய ஊரில் குடியேறினார். அந்த ஊரும் அவரைப் போலவே எதிர்த்துப் பேசும் ஊர்தான்.

1632-இல், பக்கத்து ஊருக்கு வேலி அமைக்க 60 பவுன் திரட்ட வேண்டும் என்று மாசசூசெட்ஸ் ஆட்சியாளர்கள் எல்லா ஊர்களுக்கும் வரி போட்டார்கள். எங்களைக் கேட்காமல் போட்ட வரியைக் கட்டினால் எங்கள் பிள்ளைகளும் அடிமையாவார்கள் என்றனர் வாட்டர்டவுன் மக்கள். பாஸ்டனுக்கு அழைத்துக் கண்டித்ததும் பணிந்து போனார்கள். ஆனால் கேட்ட கேள்வி வீண் போகவில்லை. அதே ஆண்டு மே மாதம், வரி பற்றிக் கலந்து பேச ஊருக்கு இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வாட்டர்டவுனின் இருவரில் ஒருவர் ஓல்டம்.

1634-இல் ஊர்ப் பேராளர்கள் அரச சாசனத்தையே காட்டச் சொன்னார்கள். சட்டம் இயற்றும் அதிகாரம் பொது மன்றத்துக்கே உரியது என்று அதில் எழுதியிருந்தது. அது வரை ஆட்சியாளர்கள் தாங்களாகவே சட்டம் போட்டு வந்தார்கள். அந்த மே மாதம் ஊருக்கு மூவராக 24 பேராளர்கள் மன்றத்தில் அமர்ந்தனர். ஓல்டமும் அவர்களில் ஒருவர். அமெரிக்கப் புரட்சிக்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தேவாலய உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டுமே அங்கு வாக்கு. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அந்த மன்றத்தில் இடமே இல்லை.

ஓல்டமோ பூர்வகுடிகளோடு நன்கு பழகிய வியாபாரி. 1633-இல் காட்டு வழியே நடந்து கனெக்டிகட் ஆற்றுக்குப் போய் பீவர் தோல் வாங்கி வந்தார். அங்கே வெதர்ஸ்பீல்ட் ஊர் உருவாகவும் அவர் ஒரு காரணம்.

1636 ஜூலை. பிளாக் தீவு அருகே ஓல்டமின் படகைக் கண்ட ஜான் காலப் என்ற மாலுமி சந்தேகப்பட்டார். மேல்தளத்தில் 14 பூர்வகுடியினர் நின்றார்கள். சண்டையிட்டுப் படகில் ஏறியபோது, மீன்வலைக்கு அடியில் தலை பிளந்த நிலையில் ஓல்டமின் உடல் கிடந்தது.

கொன்றவர்கள் யார் என்பது அப்போதே தெரியும். பிளாக் தீவினர், நாரகான்செட் மக்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். பீக்வாட் மக்களோடு ஓல்டம் வியாபாரம் செய்ததே கொலைக்குக் காரணம் என்றுகூடப் பேச்சு இருந்தது. ஆனால் 90 வீரர்களோடு புறப்பட்ட எண்டிகாட், தீவின் குடிசைகளையும் சோளத்தையும் எரித்துவிட்டு, பிறகு போனது பீக்வாட் பகுதிக்கு! 1634-இல் இறந்த வேறொரு கப்பல் தலைவருக்காக அவர்களிடம் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஓல்டமின் சாவு அதற்கு வசதியாகிப் போனது.

பீக்வாட் மக்கள் திருப்பித் தாக்கினார்கள். 1637 ஏப்ரலில் வெதர்ஸ்பீல்டில் ஒன்பது பேர் மாண்டனர். மே 26 அதிகாலை, மிஸ்டிக் ஆற்றருகே இருந்த பீக்வாட் கோட்டைக் கிராமத்துக்கு ஆங்கிலேயர் தீ வைத்தார்கள். நாரகான்செட் மக்களும் அன்று ஆங்கிலேயர் பக்கமே நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 400 முதல் 700 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். தப்பியவர்கள் மற்ற இனங்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். சிலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அதன் பிறகுதான், 1638-இல், ஹார்ட்போர்ட் ஒப்பந்தம். மிஞ்சியவர்கள் இனித் தங்களைப் பீக்வாட் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது என்றது அது.

அந்தப் பெயரை அமெரிக்க அரசு 1983-இல் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. கெந்திங்கிலிருந்து கடன் போனது அதற்குப் பிறகுதான்.