நடையும் ஒரு நோன்பே
(தசலட்சண விழாவில் தவ நாளன்று ஆற்றப்பெற்ற உரை)

 

தசலட்சணப் பருவத்தின் பத்து அறங்களுள் ஏழாவது தவம். தவம் என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது உபவாசமே. ஆனால் முன்னோர் புறத்தவத்தை ஆறாக வகுத்துள்ளனர். உண்ணாநோன்பு அவற்றுள் முதலாவது மட்டுமே. வயிறு நிறையும் முன்னே இலையை விட்டு எழுதலாகிய அவமோதரியம் இரண்டாவது. நெய், பால், இனிப்பு முதலிய சுவைகளை விடுதல் நான்காவது. உடலை வருத்திப் பழக்குதல் ஆறாவது. பருவ நாள்களில் கடுமையாக நோற்றுவிட்டு, ஆண்டின் எஞ்சிய நாள்களில் உடலை அசைக்காமலும் உணவை அளக்காமலும் வாழ்ந்தால், தவம் விழாக்கால வழக்கமாகச் சுருங்கிவிடும். உடற்பயிற்சியை அன்றாட வாழ்வில் எங்ஙனம் பொருத்துவது, அதனால் உடல் எடையை எங்ஙனம் அளவோடு வைப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இராமேசுவரத்தில் இருக்கின்றது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்து அனுமந்தக்குடியில் ஜினாலயம் அமைந்திருத்தலால் அந்நாட்டுப்பகுதி தமிழ்ச் சமணர்க்கு அயலன்று. எனினும் எடுத்துக்காட்டாக அமைபவர் ஓர் இசுலாமியப் பெரியவர். மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுகள்' என்னும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தந்தையார் ஜைனுலாப்தீனின் காலைப்பொழுதைக் குறித்துள்ளார். அப்பெரியவர் 4 மணிக்கு எழுந்து விடியலுக்கு முன் தொழுவார். தொழுகை முடிந்ததும் வீட்டிலிருந்து ஏறத்தாழ 4 மைல் தொலைவில் இருந்த தங்கள் சிறு தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். பன்னிரண்டு தேங்காய் அளவில் கட்டித் தோளில் இட்டுக்கொண்டு திரும்புவார். அதன் பின்னரே காலையுணவு. எழுபதை நெருங்கிய அகவையிலும் இவ்வழக்கம் மாறவில்லை.

போகவும் வரவும் கணக்கிட்டால் 8 மைல், அஃதாவது சுமார் 13 கிலோமீட்டர். இன்று அத்தனை தொலைவு நடக்க வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த இயலாது. தொலைவைக் காட்டிலும் கருதத்தக்கது அந்நடையின் அமைப்பு. அதற்குப் போய்ச்சேர ஓரிடம் இருந்தது. முடிக்க ஒரு வேலை இருந்தது. தொழுகை முடிந்தவுடன் நடை என்னும் வரிசை இருந்தமையால், இன்று நடக்கலாமா, நாளை நடக்கலாமா என்னும் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. நடை முடிந்தால்தான் உணவு என்பதனால் தவறவிடவும் வாய்ப்பில்லை. திரும்பும் வழியில் தோளில் சுமையும் இருந்தது. நடையோடு தசைகளுக்கு வலிமைப் பயிற்சியும் கிட்டியது. அவர் உடற்பயிற்சி என்று தனியே ஒன்றைச் செய்ததாகத் தெரியவில்லை. வாழ்க்கையே அவரை நடக்க வைத்தது. அவர் நூறாண்டைக் கடந்து வாழ்ந்தார் என்றும் கலாம் எழுதியுள்ளார். அதற்கு நடை மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் முதுமையிலும் தளராத கால்களுக்கு நாள்தோறும் நடந்த நடை துணைசெய்யாமல் இருந்திராது.

அத்தீவின் வாழ்க்கையும் பின்னர் மாறியது. 1914 இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. 1988 இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டபின் பேருந்தும் மகிழுந்தும் நேரே இராமேசுவரத்துக்குள் வந்தன. தனுஷ்கோடியின் கடைமுனைக்கு மணலில் நடந்தோ, மணலில் ஓடவல்ல வண்டிகளிலோ சென்ற காலம் போய், 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உள்ளது. வசதி வந்தது குற்றமன்று. நோயாளியும் முதியவரும் அதனால் பெற்ற பயன் பெரிது. இம்மாற்றம் இராமேசுவரத்துக்கு மட்டும் உரியதும் அன்று. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளின் சிற்றூர்களில் கழனிக்கும் கிணற்றுக்கும் நடந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையில் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றுகின்றனர். அம்மியும் உரலும் அடுக்களையை விட்டு நீங்கின. தெருமுனைக் கடைக்கும் இருசக்கர வண்டி புறப்படுகின்றது. உழைப்பு குறைந்தது, தட்டில் இடும் சோறு அந்த அளவுக்குக் குறையவில்லை.

இதன் விளைவை மருத்துவ ஆய்வுகள் நெடுங்காலமாகவே கூறி வருகின்றன. இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டுப் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்து மருத்துவர் ஜெரமி மாரிசும் அவர்தம் குழுவினரும் 1953 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஊரும் ஒன்று, வண்டியும் ஒன்று. ஆயினும் நடத்துநர்க்கு மாரடைப்பு குறைவாகவே காணப்பட்டது. அந்த நடத்துநர் எவரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்றதால் அப்பயனைப் பெறவில்லை. பணியே அவர்களை அசைய வைத்தது.

தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஆய்வு ஒன்றும் உண்டு. நீரிழிவு வருவதற்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைக்கொண்டு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல், உணவைச் சீர்செய்தல் ஆகியவற்றை அறிவுறுத்தப்பெற்ற குழுவினர்க்கு நீரிழிவு வரும் இடர் 28.5 விழுக்காடு குறைந்தது. இதில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. அக்குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆயினும் பயன் கிட்டியது. எடைகாட்டும் கருவியின் முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து ஒரு திங்களில் நடையைக் கைவிடுவோர் இதனை மறத்தலாகாது. முள் அசையாத நாளிலும் நடந்த நடை குருதியிலும் தசையிலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றது.

எடை குறையவேண்டுமெனில் ஒரு சிறு கணக்கை அறிந்துகொள்ளுதல் நன்று. நடுத்தர உடலுடைய ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 120 முதல் 150 கலோரி. எண்ணெயில் பொரித்த ஒரு வடையும் சர்க்கரையிட்ட ஒரு குவளைக் காப்பியும் அதனை ஈடுசெய்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் அடங்கிய ஆற்றலோ சுமார் 7,700 கலோரி. ஆகவே உணவை மிகுக்காமல் நாள்தோறும் நடந்தாலும் ஒரு கிலோ குறைய ஏறத்தாழ இரண்டு திங்கள் ஆகும். ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்னும் விளம்பரங்களை இக்கணக்கு பொய்யாக்குகின்றது. நடையோடு அவமோதரியமும் சேர்ந்தால்தான் எடை குறையும். முழு உணவு 32 கவளம் என்றும், அதில் ஒரு கவளம் குறைத்தாலும் அது தவமே என்றும் சமண மரபு கூறும். குறைக்கும் அளவு சிறிது. நாள்தோறும் குறைப்பதே அதன் வலிமை.

இரவுண்ணாமை தமிழ்ச் சமண இல்லங்களின் பெருஞ்செல்வம். கதிரவன் மறையும் முன் உண்டு, உறங்கும் முன் செரிக்க இடைவெளி விடுவது உடலுக்கும் ஏற்ற ஒழுக்கம். ஆனால், இரவில் உண்ணமாட்டோமே என்னும் எண்ணத்தால் மாலை 5 மணிக்கு முறுக்கும் அதிரசமும் நெய்ச்சோறும் ஒருங்கே உண்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்ந்தால் அவ்வொழுக்கத்தின் பயன் பாதியாகிவிடும். உபவாசத்தின் மறுநாள் பாரணையை விருந்தாக மாற்றுவதும் அத்தகையதே. கிழங்கை விலக்கியது அறத்துக்காக. அவ்விடத்தை மைதாவும் சர்க்கரையும் நிரப்பினால் அறம் குறையாது, உடல் கெடும். உடல் கெட்டபின் நோன்பும் வழிபாடும் இடர்ப்படும்.

இங்கே ஒரு வினா எழும். உடல் வேறு, உயிர் வேறு என்று கற்பிக்கும் சமயத்தார் உடலைப் பேண முனைவது பற்றாகாதோ? அழகுக்காகவும் பிறர் பாராட்டுக்காகவும் பேணினால் பற்றே. ஆனால் ஏடு படிக்கக் கண்ணும், வலம்வரக் காலும், தியானத்தில் அமர முதுகெலும்பும் வேண்டும். கருவியைத் துருப்பிடிக்க விடுதல் துறவாகாது. துறவோரே இதற்குச் சான்று. ஊர்தி ஏறாமல் ஊர்தோறும் வெறுங்காலால் நடத்தல் சமண முனிவர்தம் ஒழுக்கம். மழைக்காலத்துச் சாதுர்மாசியம் ஒழிந்த காலங்களில் அவர்கள் ஓரிடத்தில் நெடிது தங்குவதில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் முதுமையிலும் காவிரிக் கரையிலிருந்து மதுரை வரை கோவலன் கண்ணகியோடு நடந்தே செல்கின்றார். வயல்வழியே சென்றால் நண்டும் நத்தையும் மிதிபடுமே என்று அவர் அஞ்சுவதையும் இளங்கோவடிகள் பாடியுள்ளார்.

நடைக்கும் அறம் உண்டு என்பதனை அது காட்டுகின்றது. நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் நடத்தல் ஈரியா சமிதி. ஆகவே சமண இல்லத்தார்க்கு ஏற்ற நடை வெளிச்சத்தில் நடக்கும் நடை. செல்பேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கும் நடை அன்று. விடிந்து நிலம் தெளிவாகத் தெரிந்தபின் புறப்படலாம். இராமநாதபுரம் கடற்கரை போன்ற வெம்மை மிகுந்த இடங்களில் உள்ளோர் வெயில் ஏறும் முன்னே திரும்பிவிடுதல் நன்று. மழை நாள்களில் புழு பூச்சிகள் மிகுதலால் கூடத்திலோ, பெருக்கிய மொட்டைமாடியிலோ நடக்கலாம்.

அன்றாட வாழ்வில் இதனைப் பொருத்தும் வழிகள் கடினமானவை அல்ல. ஜினாலயம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் வண்டியை விடுத்து நடந்தே சென்று தரிசித்த பின் காலையுணவு கொள்ளலாம். இராமேசுவரத்துப் பெரியவர் தொழுகைக்குப்பின் நடந்தார், சாவகர் நடந்து சென்று தொழலாம். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்கு வலிமைதரும் பயிற்சியும் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. நாள்தோறும் 10 நிமிடமாக மும்முறை பிரித்து நடந்தாலும் ஐந்தே நாளில் அக்கணக்கு நிறைவுறும். இருந்து எழுந்து வணங்கும் வந்தனையை நிதானமாகப் பலமுறை செய்தல் தொடைக்கும் முழங்காலுக்கும் பயிற்சி. அசையாது நிமிர்ந்து நிற்கும் காயோத்சர்க்கம் உடலின் சமநிலைக்குத் துணை. முழங்கால் வலி உடையோர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரலாம்.

மகளிர் நிலையைத் தனியே கூறவேண்டும். வீட்டுவேலையே போதாதா என்று பலர் கேட்பதுண்டு. வீட்டுவேலை உழைப்புத்தான், ஆயினும் விட்டுவிட்டு நிகழ்வதால் மூச்சு வாங்கும் அளவுக்கு இடைவிடாத இயக்கம் அதில் குறைவு. மேலும் விடியற்காலையில் அடுக்களை அவர்களைக் கட்டிப்போடுகின்றது. கணவரும் மக்களும் அரைமணி நேரம் அடுக்களைப் பொறுப்பை ஏற்றாலன்றி, நடந்து வா என்று மனைவியிடமோ தாயிடமோ கூறும் அறிவுரை வெறுஞ்சொல்லே. அவ்வரைமணி நேரத்தை ஈதலும் தானமே.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் உபவாச நாளில் வழக்கம்போல் மருந்தும் கொண்டு, நீண்ட நடையும் மேற்கொண்டால் குருதிச் சர்க்கரை திடீரென வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தின் அளவை முடிவுசெய்தல் வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, மிகுந்த மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி பெறல் வேண்டும். அடுத்து, பருத்த உடலுடையோரை எள்ளுதல் கூடாது. பரம்பரை, சுரப்பிக் கோளாறு, சில மருந்துகள் ஆகியனவும் எடையைக் கூட்டும். சொல்லால் புண்படுத்துதலும் இம்சையே. ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரையும் கடந்தால் குருதிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதே அன்பு, கேலி அன்பன்று.

தமிழ்ச் சமணர் சிறு தொகையினர். ஒரு குடும்பத்தலைவர் ஐம்பது வயதில் மாரடைப்பால் மறைந்தால் அவ்விழப்பு அவ்வில்லத்தோடு நில்லாது. ஏடு படிப்பவர், கோயில் பணி செய்பவர், இளையோர்க்குத் தத்துவம் கற்பிப்பவர் ஒருவர் குறைந்துபோகின்றார். அதனைத் தடுக்கும் வழிகளுள் எளியதும் பொருட்செலவற்றதும் நடை. இப்பருவத்தில் ஒவ்வோர் இல்லமும் ஒரு விரதம் ஏற்கட்டும்: நாளைக் காலை பத்து நிமிடம், அடுத்த திங்கள் இருபது, அதற்கடுத்த திங்கள் அரைமணி. விரதத்தை ஏற்றபின் விடாது காப்பது எப்படி என்பது சாவகர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதன்று. விழா நிறைவுற்றுத் தோரணம் அவிழ்த்த பின்னும் அவ்விரதம் தொடர்க. அறம் வளர்க!