மலைப்பாதையில் அவசரம் வேண்டாம், சகோதரிகளே!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதாமாதம் சேமிப்பு, சங்கக் கடன், வங்கிக் கடன் என்றுதான் பேசுகிறோம். இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேசுவோம். இந்தக் கூட்டத்துக்கு நாம் எல்லோரும் எப்படி வந்து சேர்ந்தோம்? கொஞ்சம் பேர் பஸ்சில் வந்தோம். கொஞ்சம் பேர் நடந்து வந்தோம். கொஞ்சம் பேர் மகனோட பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தோம். மீதிப் பேர்? மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டியில் நின்னுக்கிட்டு வந்தோம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. களப்பணியாளர்களான நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். "நேரமாச்சு, ஏறுங்க அக்கா" என்று உங்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டதும் நாங்கள்தான். அந்தத் தப்பை ஒத்துக்கொண்டு இந்தப் பேச்சை ஆரம்பிக்கிறோம்.

நம்ம ஏற்காட்டுக்கு சேலம் அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. பிறந்ததிலிருந்து பார்க்கிற ரோடு என்பதால் பயம் விட்டுப்போச்சு. ஆனால் ரோடு நம்மைத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று வளைவில் கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டோம். உயிர்கள் போயின. எத்தனையோ பேர் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 2 அன்று, திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைக்கோயிலுக்குச் சாமி கும்பிடப் போனவர்கள், நம்மைப் போலவே சரக்கு வண்டியில் நெருக்கி ஏறிப் போனார்கள். வண்டி பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், சின்னப் பிள்ளைகளும் உண்டு. நம்ம சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நாம் எப்படிப் போகிறோம் என்று நெஞ்சில் கை வைத்து யோசிப்போம்.

சரக்கு வண்டி ஏன் ஆபத்து? அது மூட்டைக்காகச் செய்த வண்டி. ஆட்கள் நிற்கும்போது பாரம் மேலே ஏறிவிடுகிறது. தலையில் இரண்டு குடம் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினால் என்ன ஆகும்? அதே கதைதான் வளைவில் வண்டிக்கும். பிடித்துக்கொள்ளச் சரியான கம்பி கிடையாது. ஒருத்தர் சாய்ந்தால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வோம்.

அடுத்தது பணம். குழுவில் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம், இதையும் பார்ப்போம். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவர்களுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சரக்கோடு கூடப் போகும் சரக்குச் சொந்தக்காரர் விஷயம் வேறு. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூட்டத்துக்கும் போகிற நமக்கு அது பொருந்தாது. நஷ்ட ஈட்டுக்கு வண்டிக்காரர் வீட்டு வாசலில்தான் நிற்கணும். அவரே கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவர். நாம் போய்விட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சங்கக் கடன் மட்டும்தான்.

இனி வேகம். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து வண்டி நிற்க ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் வேண்டும். இறக்கத்தில் அதைவிடக் கூடுதல். டீசல் மிச்சம் என்று சிலர் நியூட்ரலில் இறக்குகிறார்கள். அப்போது வண்டியின் முழு பாரத்தையும் பிரேக்தான் தாங்கணும். தொடர்ந்து பிடிக்கப் பிடிக்க பிரேக் சூடேறி, கடைசியில் பிடிப்பே இல்லாமல் போகும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். குறுகலான மலை ரோட்டில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்கணும். பனி மூடினால் லைட்டை டிம்மில் போடணும். இதையெல்லாம் டிரைவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. "தம்பி, மெதுவா போப்பா" என்று ஒருத்தர் சொன்னால் கேட்க மாட்டார். பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் கேட்பார். குழு என்பது அதற்கும்தான்.

பைக்கில் பின்னால் உட்காரும் நமக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்க மறைப்பு இருக்கணும் என்று விதியே இருக்கிறது. அழகாக இல்லை என்று மகன் கழற்றி வைத்திருந்தால், மாட்டச் சொல்லுங்கள்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது ஆகாத பையன் கையில் சாவி கொடுத்து விபத்தோ குற்றமோ நடந்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது. சங்கக் கடனில் வண்டி வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். கடன் கொடுக்கும்போது ஜாமீன் கேட்கிறோம், லைசென்ஸ் இருக்கா என்று ஏன் கேட்பதில்லை?

விபத்தைப் பார்த்தால் பயந்து ஒதுங்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனையாவது வளைவு என்று பலகையைப் பார்த்துச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் தேடாமல் வந்து சேரும். அடிபட்டவரை இழுத்துத் தூக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். உதவி செய்தவரைப் பேரும் முகவரியும் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டமே நமக்குப் பாதுகாப்பு. காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் "நம்மைக் காக்கும் 48" திட்டமும் 2021 டிசம்பரில் தமிழகத்தில் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எது என்று 108 ஊழியரிடம் கேளுங்கள்.

"சொல்றது சரிதான் மேடம், பஸ் இல்லையே, நாங்க என்ன பண்றது?" என்று பின்வரிசையில் ஓர் அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. காபி பழம் பறிக்கும் சீசனில் ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. அதனால் "வேலைக்குப் போகாதீங்க" என்று சொல்ல மாட்டோம். நம்மால் முடிந்ததை இன்றே தீர்மான நோட்டில் எழுதுவோம்.

ஒன்று: இனி கூட்டமைப்புக் கூட்டம் பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் வைக்கப்படும். சரக்கு வண்டியில் யாரையும் வரச் சொல்ல மாட்டோம்.

இரண்டு: தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டி பயணிகள் வண்டியாக இருக்கணும் என்று எல்லாக் குழுவும் சேர்ந்து கங்காணியிடமும் தோட்டத்துக்காரரிடமும் கேட்போம். காலை, மாலை பஸ் கேட்டு அடுத்த கிராம சபையில் மனு கொடுப்போம்.

மூன்று: பைக் வாங்கக் கடன் கேட்டால் ஓட்டுகிறவரின் லைசென்ஸ் நகல் வேண்டும். கடன் தொகையிலேயே இரண்டு ஹெல்மெட்டும் சேர வேண்டும்.

ஐந்து ரூபாய் விட்டுப்போனாலும் கணக்கு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் நாம். உயிர் விஷயத்தில் மட்டும் கணக்கு விட்டுப்போகலாமா? சாயந்திரம் வீட்டில் விளக்கேற்ற நாம் எல்லோரும் போய்ச் சேர வேண்டும். இன்றைக்குத் திரும்பிப் போகும்போதே ஆரம்பிப்போம். பஸ் வரும் வரை இங்கேயே உட்கார்ந்து தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவோம். நாங்களும் உங்களோடு அதே பஸ்சில்தான் வருகிறோம்.